இடது காதுக்குப் பின்னால்

இவனுக்கு உடம்பும் இருந்திருக்கிறதே என்று நினைத்தாள் பஞ்சாலை. கை, கால், பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து, விரல்களுக்கு நடுவே சொருகியிருந்த குட்டித் துப்பாக்கி. கனவில் வந்தபோதெல்லாம் இவன் தலையாக மட்டுமே வந்திருக்கிறான். பலகையில் அடித்த ஆணிகளின் மேல் வரிசைக்கு ஆறாக இருபத்துநான்கு தலைகள். புருவம் கிடையாது, கண் கிடையாது, தோல் நிறத்தில் மொழுமொழுவென்று இருக்கும். உடம்பு எங்கே சேர்ந்தது, வெள்ளைக் கோட்டை யார் மாட்டினார்கள் என்பதெல்லாம் அவள் பார்த்ததில்லை. அது சுவருக்கு அந்தப் பக்கம் வேறு பெண்கள் செய்த வேலை. தலையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பிடித்து வேலை செய்ததாலோ என்னவோ, அவள் நினைவில் அது ஒரு குழந்தையின் தலை அளவுக்குப் பெரிதாகியிருந்தது. இப்போது பார்த்தால் கொய்யாப் பிஞ்சு அளவுதான்.

இதில் எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் முனியாண்டியைப் பார்த்தாள்.

காலை பதினொன்றரை மணி. மலேசியாவின் ரெம்பாவுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் ஆறு சாரோங் தொட்டில்கள் தொங்கின. முன்பெல்லாம் முப்பது தொங்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் பிள்ளைகளைத் தூக்கத்தோடு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது லயத்து வீடுகளில் பாதி காலி. எஞ்சிய ஆறு பிள்ளைகளுக்குப் பஞ்சாலைதான் ஆயா. பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்துத் தூங்கவைத்த நேரத்தில்தான் அண்ணன் காரில் வந்து இறங்கினான். கூட வந்தவன் விசுவநாதன். செரம்பான் கடைத்தெருவில் பழைய கடிகாரம், பழைய தபால்தலை, பழைய விளையாட்டுச் சாமான் வாங்கி விற்கும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. முனியாண்டி அவன் கடையில்தான் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறான். முதலாளிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கொட்டகைக்குள் வருமுன் செருப்பைக் கழற்றினான். தொட்டில்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பஞ்சாலைக்கு அவனைப் பிடித்துப்போனது. அதுவே அவளுக்குச் சங்கடமாகவும் இருந்தது.

"திருப்பிப் பாரு பஞ்சால. காதுக்குப் பின்னாடி," என்றான் முனியாண்டி. "கடையில பாத்த ஒடனே மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்லா. இது எங்க வீட்டு ஆளு கைவேலைன்னு."

விசுவநாதன் பூதக்கண்ணாடியை நீட்டினான். அவளுக்கு அது தேவைப்படவில்லை. இடது காதுக்குப் பின்னால், வார்த்த முடியின் விளிம்புக்குக் கீழே, கடுகில் பாதி அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. பதினேழு வருடத்தில் கொஞ்சமும் மங்கவில்லை.

எங்க வீட்டு ஆளு என்றான் அண்ணன். அந்தச் சொல்லை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அண்ணனின் முதல் மனைவி ராக்கம்மா இந்த வீட்டு ஆளாக இருந்தது நான்கு வருடம். இல்லாமல் போனபிறகு இன்றைக்குத்தான் மறுபடியும் வீட்டு ஆளாகியிருக்கிறாள்.

விசுவநாதன் பொறுமையாக விளக்கினான். எழுபதுகளில் ஓடிய அந்த வெள்ளைக்கார உளவாளிப் படங்களுக்காகச் செய்த பொம்மைகள் இவை. செரம்பான் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் செய்து கப்பலில் போனவை. அந்த ஃபேக்டரி மூடியே பத்து வருடம் ஆகிறது. இப்போது வெளிநாட்டில் இவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று பத்திரிகைகூட வருகிறது. அதில் இந்தப் புள்ளியைப் பற்றி ஒரு வருடமாகத் தர்க்கம் நடக்கிறதாம். பரிசோதனை செய்தவர்கள் வைத்த அடையாளம் என்று ஒருவர் எழுதினார். அச்சில் வந்த பழுது என்று இன்னொருவர் எழுதினார். புள்ளி உள்ள பொம்மை கிடைப்பது அரிது. கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பு.

அவன் கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பன்னிரண்டு உளவாளிகள். போர்ட்டிக்சனில் மூடிய ஒரு கடையின் பரணிலிருந்து எடுத்தானாம். கோட்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை. புள்ளிதான் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயின் ஓரத்தில் நிறுத்தினான். கூடவே ஒரு சின்ன பெயின்ட் போத்தல், மூன்று மயிர் மட்டும் வைத்த தூரிகை.

"பொய்யின்னு நெனைக்காதீங்கக்கா. அதே ஃபேக்டரி, அதே வருஷம், அதே கை. அன்னைக்கு விட்டுப்போனத இன்னைக்கு வைக்கிறீங்க, அவ்வளவுதான். வச்சிட்டு, நாந்தான் வச்சேன்னு ஒரு கடுதாசி. பேரு போட்டு."

"கண்ணு போட்டது அண்ணி," என்றாள் பஞ்சாலை. "நான் புருவம். எங்கிட்ட இருந்தது மண்ணுக் கலரு."

"அது இப்ப இல்லியே," என்றான் முனியாண்டி. "பக்கத்துல ஒக்காந்து தெனம் பாத்தவதானே நீ. எவனுக்குத் தெரியப் போவுது?"

அதே கை. பஞ்சாலை தன் கையைப் பார்த்தாள். காலையில் பிள்ளைகளுக்குப் போட்ட பவுடர் நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

ராக்கம்மா புக்கிட் பெலண்டோக்கிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது பஞ்சாலைக்குப் பதினாறு வயது. உயரமான பெண். நடந்தால் மற்றவர்கள் ஓட வேண்டியிருக்கும். மாமியார் மங்கம்மா எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். பதில் சொல்லிவிட்டுச் சிரித்தும்விடுவாள், அதனால் சண்டை வராது. பொம்மை ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தோட்டத்திலிருந்து முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். அப்போது அவள் மகன் வீரமுத்து பிறந்து மூன்று மாதம். கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்குத் தோட்டத்துச் சந்தியில் நிற்கும். ராக்கம்மா நான்கு மணிக்கே எழுந்து சோறாக்கி, பால் கொடுத்து, தூங்குகிற பிள்ளையின் கன்னத்திலும் உள்ளங்காலிலும் மையால் பொட்டு வைத்துவிட்டு ஓடுவாள். பிறகு நாள் முழுதும் பிள்ளை பஞ்சாலையின் இடுப்பில்தான்.

அவனுக்கு எட்டு மாதமானபோது தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. அன்றைக்கும் ஃபேக்டரியில் லீவு கொடுக்கவில்லை. கோயில் பந்தலுக்குப் பக்கத்தில் படம் பிடிக்கிறவர் திரை கட்டியிருந்தார். திரையில் நீலமாக ஒரு ஏரியும் அதில் ஒரு வாத்தும் இருந்தன. பஞ்சாலை பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, தொப்பி வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். முகம் வெண்ணெய்போல் இருந்தது. கன்னத்தில் ராக்கம்மா இருட்டில் அவசரமாக வைத்த பொட்டு மட்டும் வழிந்து, ஒரு காசு அளவுக்குப் பரவிக் கிடந்தது. படத்தில் அது கரியாக விழும் என்றார் படம் பிடிக்கிறவர். பஞ்சாலை தாவணி முனையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். படம் பிடித்து முடிந்ததும் மறுபடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பிறகு காவடி வந்தது. தெரிந்தவர்கள் வந்தார்கள். பிள்ளை ஒவ்வொருவர் கையாக மாறிக்கொண்டே போனான். எல்லோரும் அழகு அழகு என்றார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டித் தூங்கவைத்தாள். பொட்டின் நினைவே அவளுக்கு வரவில்லை.

பத்தாவது நாள் பிள்ளை இறந்துபோனான். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே முடிந்துவிட்டது. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

படம் அதற்குப் பிறகுதான் வந்தது. காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள் ஒரு பையன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தான். மங்கம்மா வாங்கிப் பார்த்தாள், நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மூஞ்சியப் பாருடி, ஒரு பொட்டு இருக்கா, பஸ்ஸைப் புடிக்க ஓடுனியே, புள்ள மூஞ்சிய ஒரு தரம் பாத்தியா என்று கேட்டாள். ராக்கம்மா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வச்சேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் பஞ்சால," என்றாள். "வச்சது கையில கூட இருக்கு. பாரேன், இல்ல."

பஞ்சாலை அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை மூன்றே மூன்றுதான். நான்தான் துடைத்தேன் அண்ணி. அம்மா அழுது ஓய்ந்த பிறகு சொல்லலாம் என்று பட்டது. அம்மா ஓய்ந்தாள், அப்போது அண்ணன் வந்துவிட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று பட்டது. அப்படி ஒரு வாரம் போனது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நாள் போகப் போகச் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது, அவள் சின்னவளாகிக்கொண்டே போனாள்.

கண் பட்டுத்தான் பிள்ளை இறந்தான் என்பதை அவள் நம்பினாளா என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காய்ச்சலுக்குக் காரணம் காய்ச்சல்தான். இத்தனை பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் அது தெரிந்து ராக்கம்மாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ராக்கம்மாவைத் தின்றது ஊரின் கண் இல்லை. தன் கையையே இனி நம்ப முடியாது என்றாகிவிட்டதே, அதுதான் தின்றது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி போய்ப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுவாள். இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டாள்.

வீட்டில் பார்த்துக்கொள்ளப் பிள்ளை இல்லாததால் பஞ்சாலையும் ஃபேக்டரிக்குப் போனாள். அவளை ராக்கம்மாவின் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். பலகை முதலில் பஞ்சாலையிடம் வரும். அவள் புருவம் எழுதித் தள்ளுவாள். அடுத்தது ராக்கம்மா. நீல விழியின் நடுவே கறுப்பு மணி வைப்பது அவள் வேலை. அது வைக்கும்வரை தலைகள் குருடாக இருக்கும், வைத்த கணம் எல்லாம் நம்மைப் பார்க்கும். முன்பெல்லாம் ராக்கம்மா முதல் தலைக்குக் கண் வைத்ததும் "தொரை முழிச்சிட்டாருடி, சலாம் போடுங்க" என்பாளாம். அந்த வரிசையே சிரிக்குமாம். செரம்பானில் அந்தப் படம் ஓடியபோது எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, தொரை நெசத்துல நம்ம பொம்மை அளவுக்கு அழகு இல்லை என்று பேசிக்கொண்டார்களாம். பஞ்சாலை சேர்ந்த பிறகு ராக்கம்மா அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

ஒரு நாள் கண் இரண்டும் வைத்த தலையை ராக்கம்மா ஆணியிலேயே திருப்பினாள். காதுக்குப் பின்னால் தூரிகையைத் தொட்டு எடுத்தாள். அடுத்த தலை. அதற்கும் ஒன்று. இருபத்துநான்கையும் முடித்துவிட்டுப் பலகையைத் தள்ளிவிட்டாள். பஞ்சாலை பார்ப்பதைப் பார்த்தாள்.

"கப்பல் ஏறிப் போவுதுல்ல," என்றாள். "எத்தன பேரு பாப்பான்."

அவ்வளவுதான். பஞ்சாலை குனிந்து புருவம் எழுதினாள். அன்றிலிருந்து மூன்று மாதம் அவள் பக்கத்திலேயே அது நடந்தது. ஒவ்வொரு தலையின் காதுக்குப் பின்னாலும் தூரிகை தொட்டபோது, தன் கன்னத்தில் யாரோ விரல் வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு தடவை. நிறுத்து அண்ணி, நீ மறக்கவில்லை என்று சொல்வதற்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு சந்தர்ப்பம்.

விளக்குக் கண்ணாடிக்குக் கீழே பரிசோதிக்கிற பெண் ஒரு நாள் காலரை விலக்கிப் பார்த்துவிட்டாள். வரிசையை நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் வந்து, யார் செய்தது என்று மலாயில் கேட்டாள். கையில் கறுப்பு இருந்தவர்கள் நான்கு பேர். ராக்கம்மா யாரையும் காத்திருக்க வைக்காமல் எழுந்து நின்றாள். ஏன் என்று சூப்பர்வைசர் கேட்டாள். அதை விளக்கும் அளவுக்கு ராக்கம்மாவுக்கு மலாய் வராது. பஞ்சாலையின் மலாய் கொஞ்சம் தேவலை. அவள் எழுந்திருக்கவில்லை. சாயங்காலமே ராக்கம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ராக்கம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"மூணு மாசம் பஞ்சால. அத்தனைக்கும் வச்சேன். ஒண்ணக்கூட மறக்கல."

அதன்பின் இரண்டு வருடம் பிள்ளை தங்கவில்லை. வீட்டில் பேச்சு வளர்ந்தது. ராக்கம்மா புக்கிட் பெலண்டோக்குக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போனாள். கூட்டிவர யாரும் போகவில்லை. முனியாண்டி வேறு கல்யாணம் செய்துகொண்டான். பஞ்சாலைக்கும் கல்யாணமானது. ஒரு மகள் பிறந்தாள், புருஷன் போய்ச் சேர்ந்தான். புக்கிட் பெலண்டோக் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அவள் போகவில்லை. எண்பத்துநான்கில் ராக்கம்மா நெஞ்சுச் சளியில் இறந்தது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. பஞ்சாலை தன் மகளுக்குக்கூடத் தன் கையால் பொட்டு வைத்ததில்லை. மாமியார்தான் வைப்பாள். கொட்டகையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது தாய்மார் வைத்துவிட்டுப் போன பொட்டுக்குக் கையால் அணை கட்டி, அது நனையாமல் தண்ணீர் விடுவாள். ஆயா மூஞ்சி கழுவத் தெரியாதவ என்று அவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

"ரொம்ப யோசிக்காதக்கா," என்ற விசுவநாதனின் குரல் கேட்டது. பிறகு மரியாதையைத் திருத்திக்கொண்டான். "யோசிக்காதீங்க. பன்னெண்டு புள்ளி. அஞ்சு நிமிஷ வேல."

பாயின் ஓரத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்கள். புருவங்களை அவள் பார்த்தாள். இடப்புறம் கொஞ்சம் தூக்கி முடிப்பது அவள் பழக்கம். இரண்டில் அப்படி இருந்தது.

"அண்ணே," என்றாள். "அண்ணி இத எதுக்கு வச்சுச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

முனியாண்டி முதலாளியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "எதுக்கு வச்சுச்சோ. புள்ள போனதுலேருந்து அதுக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல. வைக்க வேண்டிய அன்னைக்குப் பெத்த புள்ளைக்கி வைக்காம ஓடிருச்சு. பொறவு கண்ட பொம்மைக்கெல்லாம் வச்சா சரியாப்போவுமா?"

அவன் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னான். பதினெட்டு வருடமாக வீட்டில் கிடக்கிற ஒரு சாமானை இடம் மாற்றி வைப்பதுபோலச் சொன்னான். சொல்லிக்கொண்டே பெயின்ட் போத்தலைத் திறந்தான். தூரிகையை முக்கி, விளிம்பில் வழித்து, ஒரு துளி மட்டும் நுனியில் நிற்கும்படி எடுத்து அவளிடம் நீட்டினான். கடையில் அவன் இந்த வேலையெல்லாம் பழகியிருந்தான்.

பஞ்சாலை அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"வச்சிட்டுத்தான் போச்சு," என்றாள்.

"என்னா?"

"அன்னைக்கு. திருநாளு அன்னைக்கு. அண்ணி கன்னத்துல வச்சிட்டுத்தாண்ணே போச்சு."

ஒரு தொட்டிலின் சுருள்கம்பி கிறீச்சிட்டு நின்றது. முனியாண்டி அவளைப் பார்த்தான். படத்துல இல்லியே என்று கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை அன்று யார் இடுப்பில் இருந்தது என்பது அவனுக்கு மெல்ல மெல்ல எட்டுவதை அவள் அவன் கண்களில் பார்த்தாள். அவன் முழுதாக அங்கே வந்து சேரும்வரை அவள் முகத்தைத் திருப்பாமல் இருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

விசுவநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கடுதாசி வேணாம்னா விடுங்கக்கா. புள்ளி மட்டும் வச்சாப் போதும்."

"என் கையால அது ஆகாது தம்பி," என்றாள் பஞ்சாலை. குரல் தொட்டிலில் கிடந்தவர்களை எழுப்பாத அளவுக்குத்தான் இருந்தது. "எடுத்துட்டுப் போயிருங்க."

மடியில் இருந்த பொம்மையை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து, பிள்ளை அழத் தொடங்கிய தொட்டிலுக்குப் போனாள். விசுவநாதன் ஓசைப்படாமல் பன்னிரண்டு பேரையும் பெட்டிக்குள் படுக்கவைத்தான். காரடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். முனியாண்டி இன்னும் கொட்டகையின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் வெள்ளைத் துணிகள், துவைத்து மடித்த சாரோங்குகள், பிள்ளைகளின் சட்டைகள். தூரிகையை எங்கே வைப்பதென்று தெரியாமல், எதிலும் பட்டுவிடாதபடி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். அதன் நுனியில் கறுப்பு காய்ந்துகொண்டிருந்தது.